ஏஐ சொன்னதைப் பிடித்துக்கொண்டு அப்பா டாக்டரை நம்ப மறுக்கிறார். என்ன செய்யலாம்?

அப்பாவுக்கு 64 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று வாரத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 162. டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. எழுதிக் கொடுத்தார். அன்று இரவே அப்பா போனில் ஒரு ஏஐ செயலியிடம், "எல்டிஎல் 162க்கு மாத்திரை வேண்டுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். முதலில் உணவு, நடைப்பயிற்சி போதும், மாத்திரையால் தசைவலி வரலாம் என்று பதில். மாத்திரை அட்டை இன்னும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

சர்க்கரை இருப்பதை அவர் சொல்லவே இல்லை. நான் அதையும் வயதையும் சேர்த்துக் கேட்டேன். 40 முதல் 75 வயது வரையுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது என்று பதில் மாறியது. காட்டினால், "உனக்கு வேண்டிய மாதிரி கேட்டு வாங்கிட்டே" என்கிறார்.

அப்புறம் டாக்டரிடமே கூட்டிப் போனேன். அப்பா போனை நீட்டினார். டாக்டர் திரையைப் பார்க்காமலே, "இதையெல்லாம் படிக்காதீங்க" என்றார். அப்பா போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நிமிடம் வாங்கிப் படித்து, எது அவருக்குப் பொருந்தாது என்று சொல்லியிருந்தால் போதும். வேறொரு டாக்டரும் அதே மாத்திரையைத்தான் சொன்னார். "டாக்டருங்க ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டாங்க" என்கிறார் அப்பா.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். தொந்தரவு எதுவும் தெரியாததால்தான் கொழுப்பு மாத்திரை வேண்டாம் என்கிறார், எனக்கு அதுதான் பயம்.

இப்படி நம்பிக்கை விட்டுப்போன ஒருவரை மறுபடி டாக்டரிடம் மனம்விட்டுப் பேச வைத்தவர்கள், அதை எப்படிச் செய்தீர்கள்?