ஏஏசி பிளாக் சுவரில் கீசர் போல்ட் நிற்கவில்லை

புது வீடு, குளியலறைச் சுவர் 4 அங்குல ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த சிமெண்ட் கல்). 25 லிட்டர் கீசர் மாட்ட 10 எம்எம் ஆங்கர் போல்ட் அடித்தேன். நட்டை முறுக்க முறுக்க போல்ட் சுற்றிக்கொண்டே வெளியே வருகிறது, கூடவே மாவாகக் கொட்டுகிறது. பெரிய சைஸ் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஆங்கர் விரிந்து சுவரை நெருக்கித்தான் பிடிக்கும். கான்கிரீட் தாங்கும், ஏஏசி நொறுங்கிவிடும். பெரிய சைஸ் போட்டால் ஓட்டைதான் பெரிதாகும். தண்ணீரே 25 கிலோ, தொட்டி எடை தனி. பின்பக்கம் என்ன அறை?

கேள்வி கேட்டவர்: ஸ்டோர் ரூம்ணே.

பதில்: அப்போ கவலையே இல்லை. டிரில்லில் ஹேமரை (இடிக்கும் முறையை) அணைத்துவிட்டு வெறும் சுற்றில் சுவரின் மறுபக்கம் வரை துளை போடு. எம்8 திரெட் ராடை (8 எம்எம், முழுக்க மரை போட்ட கம்பி) விட்டு, அந்தப் பக்கம் 3 அங்குலச் சதுர இரும்புத் தகடு, வாஷர், நைலாக் நட் (தானாகக் கழலாத நட்). என் வீட்டில் இப்படித்தான் தொங்குகிறது. அழகு கிடையாது, அது வேறு விஷயம்.

இன்னொருவர்: பின்பக்கம் கை எட்டாத சுவர் என்றால் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசை விட்டுக் கம்பியை ஒட்டுவது. துளைத் தூளை ஊதிச் சுத்தம் செய்யாமல் பசையை விட்டால் காசு வீண். இறுகும் நேரம் டியூபில் போட்டிருக்கும், அதுவரை தொடாதீர்கள்.