பாம்பு பிடிக்கும் இளைஞர்களுக்குக் குடியிருப்போர் சங்கம் பணம் கொடுக்கலாமா?

ஏரிக்கரைத்தெரு (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடியிருப்பு வண்டலூருக்குத் தெற்கே, முன்பு நெல் வயலாக இருந்த இடம். மழை தொடங்கினால் போதும், மோட்டார் அறை, செருப்பு அலமாரி, மாடிப்படிக்கு அடியில் என்று எங்காவது ஒரு பாம்பு தென்படும். கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள் சிலர், காணொளிகளைப் பார்த்து ஆர்வம் வந்து, ஒரு மீட்புக் குழு தொடங்கியிருக்கிறார்கள். கூப்பிட்டால் வந்து பிடித்துச் செல்கிறார்கள், காசு வாங்குவதில்லை. இப்போது கொக்கி, பை, டார்ச், பூட்ஸ், பெட்ரோல் செலவு என்று சங்கத்திடம் 25,000 ரூபாய் கேட்கிறார்கள். பாதிப் பேர் "உடனே கொடுங்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் "நாளைக்கு ஒரு பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிழல்வாகை

கொடுங்கள் சார், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கூப்பிட ஆள் இல்லாத தெருவில் பாம்புக்குத் தடியடிதான் கதி. நான் திருப்போரூர்ப் பக்கம் இதே வேலையைச் செய்கிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப்பாம்பு, ஓலைப்பாம்பு. மூன்றாலும் மனிதனுக்கு ஆபத்தில்லை. ஓலைப்பாம்பின் உடம்பில் வெள்ளைப் பட்டை இருப்பதால், கட்டுவிரியன் என்று நினைத்து அதை அடித்துக் கொன்றுவிட்டு நமக்குப் படம் அனுப்புகிறார்கள்.

பள்ளிச் சுற்றுலாவில் கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போனபோதுதான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. அமெரிக்காவில் பிறந்த பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் 1969இல் தாம்பரம் பக்கம் தொடங்கி, 1972இல் கிண்டிக்குக் கொண்டுவந்த இடம் அது. அங்கே ஒருவர் நல்லபாம்பைக் கொக்கியில் ஏந்தி நின்று, எங்கள் கூச்சல் அடங்கும் வரை காத்திருந்து பேசினார். அன்றைக்கு வெறும் பயத்தோடு வீடு திரும்பியிருந்தால் இன்று நானும் தடியோடுதான் நின்றிருப்பேன். அந்த இளைஞர்களுக்கு ஆசை காணொளி வழியாக வந்திருக்கிறது. வந்த வழி எதுவானால் என்ன?

தூரத்துமணி

ஒரே ஒரு கேள்வி, தம்பி. பிடித்த பாம்பை எங்கே கொண்டுபோய் விடுகிறீர்கள்?

நிழல்வாகை

வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காப்புக்காட்டில் விடுகிறோம். வேறு எங்கே விட முடியும்?

தூரத்துமணி

அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தேன். வயல் எலியைத் தின்று, இன்ன வரப்பில் வெயில் காயலாம், இன்ன கரையான் புற்றில் ஒளியலாம் என்று பழகிய பாம்பு, புதர்க்காட்டில் என்ன செய்யும்? பாம்புகளுக்கு ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. தொலைவில் கொண்டுபோய் விடப்பட்ட பாம்பு, சொந்த இடத்தில் இருக்கும் பாம்பைவிட மிக அதிகமாக அலைகிறது. அலைகிற பாம்பு சாலையில் நசுங்குகிறது, கழுகுக்கு இரையாகிறது, வேறொரு வீட்டுக்குள் நுழைகிறது. நீங்கள் பையைத் திறந்து, அது புதருக்குள் ஓடுவதைப் படம் எடுத்து, கைதட்டு வாங்கி வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். அதன் பிறகு நடப்பது உங்கள் காணொளியில் இல்லை.

தெருவில் சாகாமல் காட்டில் செத்தால் அதற்குப் பெயர் மீட்பா? சங்கப் பணம் இதற்குப் போகக் கூடாது.

கடுகுமணி

இரண்டு பேரும் பாம்பின் நலனையே பேசுகிறீர்கள். என் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் கொல்லைப்புறத்தில் பாம்பு என்றால், அது சாரையா விரியனா என்று நான் புத்தகம் எடுத்துப் பார்ப்பேனா? அடிப்பேன். வந்து தொலைகிற பாம்புக்கு மீட்புக் குழு, பையன்களுக்கு பூட்ஸ், அதற்குச் சங்கப் பணம். தெருவிளக்கு எரிந்து எத்தனை மாதம் ஆகிறது?

அவசரப்பிரிவு

வட்ட மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். கடுகுமணி ஐயா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்களிடம் வருகிற பாம்புக்கடிகளில் ஒரு பகுதி, அடிக்கப் போனவர்களும் அடித்துப் போட்டதைக் கையில் எடுத்தவர்களும் வாங்கியவை. தலை துண்டான பாம்பும் கொஞ்ச நேரம் வரை கடிக்கும். "எந்தப் பாம்பு என்று டாக்டருக்குக் காட்ட வேண்டும்" என்று பாலித்தீன் பையில் போட்டுத் தூக்கிவருகிறவர்களும் உண்டு. தேவையே இல்லை. நம் நாட்டில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. கடிபட்டவரின் உடம்பில் தெரிகிற அறிகுறியைப் பார்த்தே சிகிச்சை தொடங்கலாம்.

நான் அதிகம் பயப்படுவது கட்டுவிரியனுக்கு. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை நடுராத்திரியில் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, வீக்கமும் இருக்காது, சில சமயம் பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிற்றுவலி என்று அழும். வீட்டார் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். பிறகு கண்ணிமை சரியத் தொடங்கும், பேச்சு குழறும். எங்களிடம் வரும்போது மூச்சு விடத் திணறுகிற நிலை. இந்தக் கடியை எந்த மீட்புக் குழுவும் தடுக்காது. கட்டிலும், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் தடுக்கும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். 25,000 ரூபாய் கையில் இருந்தால் முதலில் உங்கள் தெருக்கோடியில் இருக்கும் கட்டடத் தொழிலாளர் கொட்டகைகளுக்குக் கொசுவலை வாங்கிக் கொடுங்கள் என்பேன்.

தூரத்துமணி

செவிலியர் அம்மா சொன்னது சரி. இன்னொன்றும் இருக்கிறது. கேரளத்தில் வாவா சுரேஷ் பாம்பு பிடிப்பதில் எவ்வளவு பெயர் பெற்றவர் என்பது ஊருக்கே தெரியும். 2022 ஜனவரியில் கோட்டயம் மாவட்டத்தில் பிடித்த நாகத்தைச் சாக்குக்குள் விடும்போது தொடையில் கடி வாங்கி, உயிர் பிழைத்ததே பெரிய காரியமாகிவிட்டது. 2025 மார்ச்சில் கோவையில் பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் நாகம் கடித்து இறந்தே போனார். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், காணொளி பார்த்துக் கற்ற பையன் கதி என்ன? சங்கம் பணம் கொடுத்த அன்றே "நாங்கள்தான் அனுப்பினோம்" என்று கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

நிழல்வாகை

அண்ணா, விபத்தைக் காட்டித் தொழிலையே மூடச் சொல்கிறீர்கள். வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டுவது ஒரு முறை. அதை நானும் வெறுக்கிறேன். இன்னொரு முறை இருக்கிறது, பார்க்க ஒரு சுவாரசியமும் இருக்காது. துணிப்பையின் வாயை ஒரு பிளாஸ்டிக் குழாயில் கட்டி, குழாயின் மறுமுனையைச் சுவரோரமாக வைக்க வேண்டும். பையின் மீது நிழல் விழுந்திருக்க வேண்டும். கொக்கியால் பாம்பை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிவிட்டால், இருட்டுப் பொந்தைத் தேடுகிற பாம்பு தானாகவே குழாய்க்குள் போய்விடும். முழு வாலும் உள்ளே போகும் வரை காத்திருந்து, பையை முறுக்கிக் கட்ட வேண்டியதுதான். கை எங்கேயும் பாம்பின் மேல் படாது. நாகம் படம்கூட எடுக்காது, அவ்வளவு அமைதியாக முடியும். அதைப் படம் பிடித்துப் போட்டால் பத்துப் பேர் பார்க்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கேரள வனத்துறை 2020இல் சர்ப்பா என்ற செயலியைக் கொண்டுவந்து, பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவர் மட்டுமே பிடிக்கலாம் என்று ஆக்கிவிட்டது. பாம்பைக் கண்டவர் செயலியில் தெரிவித்தால் பக்கத்தில் இருக்கும் சான்றிதழ்க்காரருக்குச் செய்தி போகும். ஆசையோடு வருகிறவனை விரட்டாமல் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்கள். நாமும் அதைச் செய்யலாமே?

தூரத்துமணி

கேரளத்தை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன். அதே 2020இல் கொல்லம் மாவட்டத்தில் ஒருவன் மனைவியைப் பாம்பை விட்டுக் கடிக்க வைத்துக் கொன்ற வழக்கு நினைவிருக்கிறதா? முதலில் விரியன், அதில் அந்தப் பெண் பிழைத்துவிட்டதால் அடுத்து நாகம். இரண்டையும் அவனுக்கு விற்றது ஒரு பாம்புபிடிப்பவர். 2021இல் கணவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. எல்லா மீட்பரையும் நான் சந்தேகப்படவில்லை. யாரும் கணக்குக் கேட்காத இடத்தில் ஒருவன் வீட்டில் பாம்புப் பை தொங்குவதைத்தான் சொல்கிறேன். இன்று பிடித்தது இத்தனை, இன்ன இடத்தில் விட்டது என்று எழுதிவைக்கும் ஒரு நோட்டாவது அந்த இளைஞர்களிடம் இருக்கிறதா? பாம்பைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதாவது தெரியுமா?

மண்பானை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் இருளர். என் மாமா வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்.

சட்டம் வந்த கதையை எங்கள் பக்கத்திலிருந்து கேளுங்கள். எங்கள் தாத்தா காலத்தில் பாம்புத்தோல் வியாபாரம்தான் சோறு போட்டது. 72இல் சட்டம் வந்தது, பிறகு தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. நேற்று வரை தொழில், இன்று குற்றம். 1978இல் இந்தச் சங்கம் தொடங்கியதால்தான் கொல்லாமல் பிடித்து விஷம் எடுக்கும் வேலை வந்தது. இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்யப் போகும் விஷத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இங்கிருந்துதான் போகிறது. செவிலியர் அம்மா ஏற்றுகிற ஊசிக்குள் எங்கள் ஆட்களின் வேலை இருக்கிறது.

சங்கத்தில் பாம்பை மண்பானையில் மணல் போட்டு வைப்பார்கள், வாயைப் பருத்தித் துணியால் கட்டுவார்கள். சில வாரம் மட்டும் வைத்திருந்து, இடைவெளி விட்டு நான்கு முறை விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவார்கள். வயிற்றுச் செதிலில் சிறிதாக ஒரு வெட்டு இருக்கும், அதே பாம்பை மறுபடி பிடிக்காமல் இருக்க அடையாளம். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை எண்ணிக்கை வைத்து அனுமதி கொடுக்கிறது. அது தாமதமான காலங்களில் என் மாமா செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்.

இப்போது பாருங்கள். தலைமுறையாகத் தடம் பார்த்து, எச்சம் பார்த்து, வளைக்கு வெளியே கிடக்கும் சட்டையைப் பார்த்து, உள்ளே இருப்பது எது என்று சொல்லத் தெரிந்தவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பேண்டில் கொக்கியைச் செருகிய பையனுக்கு எதுவும் வேண்டாம், அவன் வனவிலங்கு ஆர்வலர். எங்கள் ஆள் சாக்கோடு சாலையில் நடந்தால் போலீஸ் நிறுத்திக் கேட்கும். 2017இல் மலைப்பாம்பு பிடிக்க எங்கள் ஆட்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடா வரை போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் மாவட்டத்திலேயே இருக்கும் உங்கள் குடியிருப்புக்குப் பாம்பு பிடிக்க ஆள் வேண்டும் என்றால், காணொளி பார்த்தவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஏரிக்கரைத்தெரு

உண்மையைச் சொன்னால் எங்கள் சங்கத்தில் ஒருவர்கூட இந்தப் பேச்சை எடுக்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்வோம், அவர்கள் வரத் தாமதமானால் பையன்கள், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நிழல்வாகை

மண்பானை அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. ஆனால் ஆர்வத்தைக் கேலி செய்யாதீர்கள். விட்டேகர் இங்கே வந்த காலத்தில் அவரும் ஆர்வம் பிடித்த இளைஞர்தான். உங்கள் பெரியவர்களோடு காட்டில் நடந்துதான் தொழிலைக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார்.

மண்பானை

நடந்தார். அதைத்தான் நானும் கேட்கிறேன். இந்தப் பையன்கள் யாரோடு நடந்தார்கள்?

கடுகுமணி

சரி, வரலாறு போதும். எனக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். பாம்பே வராமல் இருக்க வழி உண்டா, இல்லையா?

மண்பானை

எலி இருக்கும் வரை வரும் ஐயா. உங்கள் காலிமனையில் குப்பை கொட்டுகிறார்கள், அதில் எலி, எலிக்குப் பின்னால் சாரையும் நாகமும். குப்பையை எடுங்கள், செங்கல் அடுக்கைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை அடையுங்கள், கழிவுநீர்க் குழாய்க்கு வலை போடுங்கள். பூண்டு, பினாயில், உப்புக்கோடு எல்லாம் வீண் செலவு. எலி பிடிக்கவும் எங்கள் ஆட்களைக் கூப்பிடலாம், அதுவும் எங்கள் தொழில்தான்.

தூரத்துமணி

என் நிலையைக் கொஞ்சம் தளர்த்துகிறேன், முழுதாக இல்லை. பணம் கொடுப்பதானால் நான்கு நிபந்தனை. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பாம்பு ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் பிடிக்கக் கூடாது, போக வழி விட வேண்டும். பிடித்தாலும் அதே ஏரியின் மறுகரையைத் தாண்டக் கூடாது. காணொளி கூடாது.

நிழல்வாகை

முதல் மூன்றுக்கும் சம்மதம். நான்காவது நடக்காது அண்ணா. காணொளி இல்லை என்றால் பாதிப் பையன்கள் வரமாட்டார்கள்.

தூரத்துமணி

வராத பாதிக்கு பூட்ஸ் வாங்கும் செலவு மிச்சம்.

அவசரப்பிரிவு

ஐந்தாவதாக ஒன்று. பக்கத்தில் விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கும் மருத்துவமனை எது என்பது அந்தக் குழுவில் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். கடி வாங்கினால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் உட்கார்ந்து 108ஐக் கூப்பிட வேண்டும்.

ஏரிக்கரைத்தெரு

ஐந்தையும் தீர்மானமாக எழுதி வைக்கிறேன். தொகையில் பாதியைக் கொசுவலைக்கும் குப்பை அகற்றவும் ஒதுக்கலாம் என்று செயலாளரும் சொல்கிறார். இன்னொரு யோசனை. சங்கத்தின் சார்பில் மாமா அவர்களை அழைத்து அந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் செய்யலாமா? ஒரு பாம்புக்கு இவ்வளவு என்று சன்மானமும் தரலாம்.

மண்பானை

பாம்புக் கணக்கில் பணம் வேண்டாம். அப்படி வைத்தால் எவனாவது வேறு ஊர்ப் பாம்பைக் கொண்டுவந்து உங்கள் தெருவில் விடுவான். மாதச் சம்பளமாகப் பேசுங்கள், அனுமதிக்கும் நீங்களே விண்ணப்பம் போடுங்கள். ஞாயிறு கூட்டத்துக்கு மாமா வருவார். அன்று அவருக்கு வேலை நாள். பஸ் செலவோடு அன்றைய கூலியையும் சேர்த்துத் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.