டி2 பிளேட்ல கிரைண்டிங் முடிஞ்சப்புறம் கிராக், தப்பு யாரு மேல?

டைமேக்கர்_கோவை:
வணக்கம். டி2 டூல் ஸ்டீல்ல பஞ்ச் பிளேட் 4 பீஸ், கடினம் 60 எச்ஆர்சி (ராக்வெல் அளவு). ஹார்டனிங் (சூடாக்கிக் குளிரவச்சுக் கடினமாக்குறது) முடிஞ்சு வந்தப்ப பெனட்ரன்ட் (விரிசலக் காட்டுற சாயம்) அடிச்சுப் பாத்தோம், சுத்தமா இருந்துச்சு. சர்ஃபேஸ் கிரைண்டர்ல ஓட்டிட்டு மறுநாள் காலைல பாத்தா, வீல் ஓடுற திசைக்குக் குறுக்கால தலைமுடி மாதிரி கோடு கோடா கிராக், நகத்துல தட்டக்கூட இல்ல. எடுத்ததே மொத்தம் 0.2 மிமீ. இதுக்கா விரிசல் விடும்?

உருக்குப்பித்தன்:
எவ்வளவு எடுத்தீங்கங்கிறத விடுங்க, எப்படி எடுத்தீங்க? லேத் டூல் மாதிரி வீல் சீவாது. வீல்ல இருக்குற ஒவ்வொரு துணுக்கும் மொண்ணை மூக்கோட, நெகடிவ் ரேக்ல (முகம் முன்பக்கமா சாஞ்ச கோணத்துல) இறங்குது, அதனால முதல்ல சும்மா தேய்க்கும், அப்புறம் ஏர் மாதிரி உழுது ரெண்டு பக்கமும் மேடு தள்ளும், இன்னும் ஆழமா இறங்குனாதான் சிப்பு வரும். அந்தத் தேய்ப்பும் உழவும் முழுக்கச் சூடுதான். வெட்டுற எடம் நொடிக்கும் குறைவான நேரம் 800 டிகிரிய தாண்டும், கீழ இருக்குற குளிர்ந்த உலோகம் உடனே சூட்ட உறிஞ்சிடும், மேல புதுசா டெம்பர் ஆகாத (திரும்ப மிதமா சூடாக்கிப் பதப்படுத்தாத) மார்டென்சைட், அதாவது ரொம்பக் கடினமான, நொறுங்குற உருக்கு நிக்கும். சூடா விரியப் பாத்த தோல் விரிய எடமில்லாம நசுங்கிருக்கும், ஆறுறப்ப சுருங்கணும், கீழ இருக்குறது விடாது, அப்ப மேல்தோல் இழுவைல மாட்டிக்கும். மைல்ட் ஸ்டீல்னா இழுபட்டுக் கொடுக்கும், பிசிறோட முடிஞ்சிரும். டி2ல 1.5% கார்பன், 12% குரோமியம், உள்ள எல்லாம் கார்பைட் (கார்பன் சேந்த கடினமான துகள்), அது எங்க நீளறது, பிளந்துடும்.

பழைய_டூல்ரூம்:
தம்பி, வீல் டிரெஸ் பண்ணி (முகத்தச் சீவிப் புதுக் கூர்மை கொண்டுவந்து) எத்தன நாளாச்சு? பாஸுக்கு, அதாவது ஒரு ஓட்டத்துக்கு, எவ்வளவு எறக்குனீங்க?

டைமேக்கர்_கோவை:
2 நாள் இருக்கும்ணா, பளபளன்னு ஆயிருந்துச்சு. 30 மைக்ரான். கூலன்ட் பம்ப் ரிப்பேர், பையன் பாட்டில்ல அப்பப்ப பீய்ச்சுனான்.

பழைய_டூல்ரூம்:
பாட்டிலா! அதுக்கு டிரையாவே ஓட்டிருக்கலாம், சூடான எடத்துல விட்டு விட்டுத் தண்ணி அடிச்சா நீங்களே குவென்ச் பண்ற (சட்டுனு குளிரவைக்குற) மாதிரி. வெள்ள வீல், 46 கிரிட் (துணுக்கு அளவு), எச் கிரேடு (வீலோட பிடிப்பு) மாதிரி சாஃப்ட்டா போட்டு, டைமண்ட்ல அடிக்கடி டிரெஸ் பண்ணி, 5 மைக்ரானா எறக்குங்க. ஆனா ஹார்டனிங் பண்ணவங்ககிட்ட டெம்பரிங் எத்தன தடவ போட்டாங்கன்னும் கேளுங்க, ஒரே தடவையோட அனுப்பிருந்தா பாதிப் பழி அங்கயும் இருக்கு.

உருக்குப்பித்தன்:
ஸ்பிரிட்ல 4% நைட்ரிக் ஆசிட் கலந்து ஒரு பீஸ்ல தடவிப் பாருங்க. வெள்ளத் திட்டு தெரிஞ்சா மறுபடி ஹார்டு ஆன எடம், சுத்தியிருக்குற கருப்பு, சூட்டுல கடினம் குறஞ்ச எடம். ஆசிட்ட ஸ்பிரிட்ல ஊத்தணும், மாத்தி ஊத்தாதீங்க, மிச்சத்த மூடி இறுக்கியும் வைக்காதீங்க.

டைமேக்கர்_கோவை:
தடவிப் பாத்தாச்சு. வெள்ளத் திட்டு வரிசையா, ஒவ்வொரு கிராக்கும் அது மேலதான் ஓடுது. பம்ப் நாளைக்கு வருது.