மூன்று பச்சை விளக்குகளும் எரியாத அந்த மாலை

மாலைநேர விமானி:
பைப்பர் ஆரோ என்ற சிறு விமானத்தில், சக்கரங்களை இறக்கும் கியர் நெம்புகோலைக் கீழே தள்ளினேன். ஹைட்ராலிக் பம்பு ஓடி நின்ற ஓசை கேட்டது; ஆனால் சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்குகள் மூன்றில் ஒன்றுகூட எரியவில்லை. சூரியன் தாழ்ந்து நேராகக் கருவிப் பலகையின் மீது அடித்துக்கொண்டிருந்தது. விரைவில் இருட்டிவிடும் என்று எண்ணிப் பலகை விளக்குகளைச் சற்று முன்புதான் போட்டிருந்தேன். இந்த வகை விமானத்தை ஓட்டியவர்களுக்கு இதற்குள் விடை தெரிந்திருக்கும். எனக்கு அன்று தெரியவில்லை.

இறங்காமல் மேலேறினேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அருகே தாழப் பறந்தபோது, மூன்று சக்கரங்களும் கீழே இருப்பதாகத் தெரிகிறது என்றார்கள். வேகத்தை மணிக்கு 87 கடல் மைலுக்குக் கீழே குறைத்து, சக்கரங்களை இறக்கும் அவசர நெம்புகோலையும் இயக்கிப் பார்த்தேன். பலகையில் எந்த மாற்றமும் இல்லை. அந்நேரத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாதீர்கள் என்று கையை உயர்த்தி அவரை அடக்கினேன். தீயணைப்பு வண்டிகள் காத்திருக்க, ஒன்றும் ஆகாமல் இறங்கினோம். கொட்டகையின் நிழலுக்குள் விமானம் நுழைந்தபோதுதான் மூன்று விளக்குகளும் மங்கலாக எரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. இரவில் கண்ணைக் கூசாமல் இருப்பதற்காக, பலகை விளக்குகளைப் போட்டால் கியர் விளக்குகள் தாமாகவே மங்கிவிடும் அமைப்பு அது.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:
உங்களுடையது கியர்க் கோளாறே இல்லை, ஆனாலும் ஆபத்தானது. 1972 டிசம்பர் 29 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில் முன்சக்கர விளக்கின் பல்பு எரிந்துபோயிருந்தது. விமானிகள் அனைவரும் அதிலேயே மூழ்கியிருந்ததால், உயரம் குறைந்துகொண்டே வந்ததை உணராமல் புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் மோதினார்கள்.

எனக்கு நேர்ந்தது செஸ்னா 172 ஆர்ஜி என்ற, சக்கரங்கள் மடங்கும் சிறு விமானத்தில். அதில் கீழிறங்கியதைக் காட்டும் பச்சை விளக்கு ஒன்றே ஒன்றுதான். சன்னல் வழியாகப் பார்த்தபோது பக்கச் சக்கரம் பாதி இறங்கிய நிலையில், காலொடிந்த பறவையைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் விமானத்தை மட்டும் பாருங்கள் என்று மாணவரிடம் சொல்லிவிட்டு, இருக்கைகளுக்கு இடையே உள்ள கைப்பம்பை நீட்டி அடிக்கத் தொடங்கினேன். பிடி தண்ணீரில் ஆடுவதைப் போல எதிர்ப்பே இல்லாமல் அசைந்தது. எத்தனை முறை அடித்தேன் என்று எண்ணவில்லை; தோள் மரத்துப்போன ஒரு கட்டத்தில் பிடி திடீரென்று கல்லைப் போல இறுகியது, பச்சை விளக்கும் எரிந்தது. தரையில் பார்த்தால் அடிவயிறு முழுவதும் சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெய். அந்தப் பிடி இறுகிய கணத்தை என் வலக்கை இன்னும் மறக்கவில்லை.

பணிமனைக்காரர்:
முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாழப் பறந்து காட்டுவதால் சக்கரம் கீழே இருக்கிறதா என்பது மட்டுமே தெரியும்; பூட்டிக்கொண்டதா என்பதைக் கோபுரத்தில் இருப்பவரால் சொல்லவே முடியாது. நீங்கள் செய்திருக்க வேண்டியவை வேறு: முதலில் பலகை விளக்குக் குமிழியை அணைப்பது, அடுத்து பம்பின் சர்க்யூட் பிரேக்கர் மின்சாரத்தைத் துண்டித்து வெளியே வந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால், எரிகிற இன்னொன்றின் பல்பைக் கழற்றி அதில் பொருத்திப் பார்ப்பது. சக்கரம் இறங்கவே போவதில்லை என்று உறுதியானால், தரை தொடுவதற்கு முன்பே கதவின் தாழை விடுவித்துவிட வேண்டும். விமானத்தின் உடல் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளக்கூடும். முன்னால் சுழலும் விசிறியைக் (புரொப்பெல்லரை) காப்பாற்றுவதற்காக வானிலேயே இன்ஜினை நிறுத்தும் சாகசத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். விசிறியை மாற்றிக்கொள்ளலாம், ஓடுபாதைக்கு முன்னால் விழுந்தவரை மாற்ற முடியாது.

என் அனுபவம் சிறியது. ஒரு விமானம் ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் அதன் முன்சக்கரம் தள்ளுவண்டிச் சக்கரம்போலப் படபடவென்று ஆடியது. உரிமையாளர் டயரை இருமுறை மாற்றியும் பயனில்லை. ஆட்டத்தை அடக்கும் டேம்பரில் எண்ணெயே இல்லை.

ஒருமுறை மறந்தவர்:
இங்கே எல்லாரும் சக்கரத்தை இறக்கவாவது முயன்றிருக்கிறார்கள். நான் இறக்கவே மறந்தேன். இறங்கும் வேளையில் ஓடுபாதையை மாற்றச் சொன்னார்கள், அந்தப் பரபரப்பில் சரிபார்ப்பு பாதியில் நின்றது. எச்சரிக்கை ஒலி விட்டு விட்டு ஒலித்ததைக் கேட்டேன். அது, வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதைச் சொல்லும் எச்சரிக்கை என்று எண்ணி, எப்படியும் தரை தொடப்போகிறோம் என்று விட்டுவிட்டேன். விசிறியின் நுனிகள் பாதையில் உரசிய சத்தத்தைவிட என்னை வாட்டுவது வேறொன்று: இறக்கையிலிருந்து கால் வைத்தபோது தரை எதிர்பார்த்ததைவிட மிக அருகில் இருந்ததால், இல்லாத படியொன்றைத் தேடியவனைப் போலத் தடுமாறினேன்.

பணிமனைக்காரரே, பல்பை மாற்றத் தெரிந்த கையும் இதற்கு உதவியிருக்காது.

மாலைநேர விமானி:
பணிமனைக்காரர் சொன்ன வரிசையை ஏற்கிறேன். அன்று குமிழியைத் திருப்பியவனும் நான்தான், அதை மறந்தவனும் நான்தான். ஆனால் நான் இதை எழுதத் தொடங்கியது பல்புக்காக அல்ல. நண்பரிடம் பிறகு, அப்போது என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது என் தோளின் நிழல் அந்த விளக்குகள் மீது அவ்வப்போது விழுந்ததாம். “மூன்றும் மங்கலாக எரிகின்றனவே, அப்படித்தான் எரியுமா என்று கேட்க நினைத்தேன்” என்றார்.