வேலையில்லாத பிள்ளைக்கு அம்மா அப்பா பணம்: உங்கள் வீட்டில் எப்படி?

யீசூன் அம்மா
மகனுக்கு வயது 34. ஆட்குறைப்பில் வேலை போய்ப் பத்து மாதம் ஆகிறது. 55 வயதில் எடுக்காமல் விட்டிருந்த மசேநி (சிங்கப்பூரின் மத்திய சேமநிதி) பணம் 5,000 வெள்ளியை எடுத்து அவனுடைய காப்புறுதி, கடன் அட்டை எல்லாம் கட்டினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

போன வாரம் நான் அவன் மேசையைத் துடைத்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. கட்டியதையெல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தான். சரி, திருப்பித் தர நினைக்கிறான் என்று பக்கத்தைப் புரட்டினால், ‘தேக்கா சந்தை, கொடுவா மீன் 18 வெள்ளி, என் பங்கு 6.’ வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் ஆக்கிப் போட்ட குழம்புக்கு என் பிள்ளை பங்கு பிரித்திருக்கிறான்.

உட்லண்ட்ஸ் அப்பா
மகளின் படிப்புக்கு என் மசேநியிலிருந்து கல்விக் கடன் எடுத்தோம். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் அவள் ரொக்கமாகத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். அவளுக்கு வேலை சரியாக அமையவில்லை. நான் பாதுகாவலர் வேலை, 12 மணி நேர ஷிப்ட். சம்பளத்தில் ஒரு பகுதியை அவள் கையில் கொடுப்பேன், அவள் அதை என் மசேநி கணக்கிலேயே கட்டுவாள். முதல் மாதம் பணத்தை வாங்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிடோக் வாசி
யீசூன் அக்கா, வருத்தமில்லை என்கிறீர்கள். இருக்க வேண்டும். எங்கள் அண்ணன் சும்மா இருந்த இரண்டு வருடமும் அம்மா கொடுத்தார். கடைசியில் அம்மாவின் பல் வைத்தியத்துக்குத் தங்கைகள் நாங்கள்தான் பணம் போட்டோம்.

அந்த 5,000 மசேநியின் சாதாரணக் கணக்கில் இருந்தாலே 2.5 விழுக்காடு வட்டி. ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றியிருந்தால் குறைந்தது 4 விழுக்காடு. 65 வயதில் மசேநியின் ஆயுள்கால ஓய்வூதியமான சிபிஎஃப் லைஃப் மாதத் தொகை தொடங்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். வேறு வருமானம் இருந்தால் 70 வயது வரைகூடத் தள்ளிப் போடலாம், தொகை கூடும். மகனுக்கு அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் இருக்கிறதே? 2025 ஏப்ரலில் வந்தது. முன்பு மாதச் சம்பளம் சராசரியாக 5,000 வெள்ளிக்குள் இருந்திருந்தால், ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வரை கிடைக்கும். முதல் மாதம் 1,500, பிறகு குறையும். பயிற்சிக்குப் போனதையும் வேலைக்கு விண்ணப்பித்ததையும் காட்ட வேண்டும். கடன் அட்டையை நீங்கள் கட்டாதீர்கள். அவனே வங்கியில் பேசித் தவணை கேட்கட்டும். கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூரில் வழி சொல்வார்கள். பாசம் வேறு, பணம் வேறு அக்கா.

யீசூன் அம்மா
தங்கச்சி, அந்த ஆறு மாதமும் வாங்கி முடித்தாயிற்று. அதிலிருந்து எனக்குக் கொடுத்ததையும் நோட்டில் கழித்திருக்கிறான். என் பிள்ளை சும்மா இருக்கவில்லை. காலையில் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டுதான் கணினி முன்னால் உட்காருகிறான். வட்டிக் கணக்கு எனக்கும் தெரியும். நான் கேட்க வந்தது அது இல்லை.

உட்லண்ட்ஸ் அண்ணே, உங்கள் மகள் இப்போது முகம் பார்த்துப் பேசுகிறாளா?

நேற்று நெத்திலி வாங்கினேன். எவ்வளவு என்று கேட்டான். பக்கத்து வீட்டில் கொடுத்தது என்று சொல்லிவிட்டேன்.