புதுப்பிப்பு: வேலூர் சத்துவாச்சாரி பளுதூக்கும் கழகத்தின் வாடகைப் பிரச்சினை தீர்ந்தது

ஊரடங்கால் இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்த எங்கள் சிறிய பளுதூக்கும் கழகத்தைக் காப்பாற்ற, 2020 மே மாதம் இங்கே வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

இணையத்தில் நிதி திரட்டிப் பார்த்தோம், வந்தது சொற்பம். கைகொடுத்தது, "கருவிகளை வாடகைக்கு விடுங்கள்" என்ற யோசனைதான். பளு தூக்கும் இரும்புத் தண்டுகளையும் அவற்றில் மாட்டும் எடைத் தட்டுகளையும் வீடுகளுக்கு மாத வாடகைக்குக் கொடுத்தோம். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் அல்லவா, இங்கே பளு தூக்காதவரும் ரசிகர்தான். மளிகைக் கடைக்காரர் ஒருவர் 20 கிலோ தண்டை எடுத்துப்போய், ஒருநாள்கூடத் தூக்காமல் மாதந்தவறாமல் பணம் கட்டினார். பழைய பாக்கியைக் கட்டட உரிமையாளர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்.

எதிர்பாராதது ஒன்று: மாடி வீடொன்றில் பளுவைக் கீழே போட்டதில் தரைக்கல் உடைந்தது, செலவு எங்கள் தலையில். கொடுக்கும்போதே ரப்பர் விரிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 10 முதல் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு அரசு அனுமதி கிடைத்ததும் திறந்துவிட்டோம். கருவிகள் எல்லாம் திரும்பிவிட்டன, மளிகைக்காரரின் தண்டைத் தவிர. அவர் இன்னும் வாடகை கட்டுகிறார், நாங்களும் கேட்கவில்லை.