பெங்களூருக்கு வந்து ஐடி சர்டிஃபிகேஷன் எடுக்கிறவங்க எங்கெங்கே மாட்டுறாங்க

கன்சோல்கேபிள்:
கொழும்பு, துபாய், நைரோபின்னு பல ஊர்லேருந்து வர்றாங்க. இங்கே கோர்ஸ் ஃபீஸ் மலிவுன்னுதான் வர்றாங்க, அதை மறுக்கல. ஆனா அதுல எது சேரலைன்னு முதல்ல கேளுங்க. 18% ஜிஎஸ்டியும், எக்ஸாம் எழுத முன்கூட்டியே வாங்குற வவுச்சரும் பெரும்பாலும் கணக்குக்கு வெளியே நிக்கும். சிஸ்கோ கம்பெனியோட நெட்வொர்க் எக்ஸாமான சிசிஎன்ஏ மட்டுமே 300 டாலர். மைக்ரோசாஃப்ட்டுல, எந்த நாட்டுல எழுதுறீங்களோ அந்த நாட்டு விலை. அமெரிக்காவுல 165 டாலர் ஆகிற, அவங்க கிளவுடான அஸூரோட அசோசியேட் எக்ஸாம் இங்கே ரொம்பக் கம்மி. பொதுவான ஐடி எக்ஸாம் நடத்துற காம்ப்டியாவுக்கும் இந்தியாவுக்குன்னு தனி விலை உண்டு, ஆனா அந்த வவுச்சர் இங்கே மட்டும்தான் செல்லும். ஊருக்குப் போய் நிதானமா எழுதிக்கலாம்னு வாங்கிட்டுப் போனா காசு போச்சு.

பருத்தித்துறை:
பேர் விசயத்திலதான் எங்கட ஆக்கள் கன பேர் சோதினை மண்டப வாசல்ல இருந்து திரும்பி வாறவை. பாஸ்போட்டில "செல்வராசா கஜன்" எண்டு இருக்கும். சோதினை நடத்துற பியர்சன் வியூ கொம்பனியின்ர கணக்கில "எஸ். கஜன்" எண்டு பதிஞ்சிருப்பினம். இனிஷியலை விரிச்சுச் சொன்னாலும் அங்க எடுபடாது, ரெண்டும் அப்பிடியே பொருந்தவேணும். கணக்கில பேரை நீங்களே மாத்தவும் ஏலாது, வாடிக்கையாளர் சேவைக்கு அறிவிச்சுத்தான் மாத்தலாம். அதால பிளேன் டிக்கெட் போடமுதல் இதைச் சரிபாருங்கோ. வேற நாட்டில எழுதேக்க பாஸ்போட்தான் முதல் அடையாளம், எங்கட ஐடி காட்டை நம்பிப் போகாதையுங்கோ.

நைட்ஷிஃப்ட்:
தேதி கணக்கு யாரும் போடுறதில்ல. பத்து நாள் கோர்ஸ், பதினோராம் நாள் எக்ஸாம், பன்னிரண்டாம் நாள் ஃப்ளைட். ஃபெயில் ஆனா? சிஸ்கோவுல மறுபடி எழுத 5 நாள் காத்திருக்கணும். அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸுல 14 நாள். மைக்ரோசாஃப்ட்டுல முதல் தடவைக்கு 24 மணி நேரம், அடுத்த தடவையிலேருந்து 14 நாள். காம்ப்டியா இரண்டாவது முயற்சிக்குக் காத்திருக்கச் சொல்றதில்ல, மூணாவதுக்குத்தான் 14 நாள். ரிட்டர்ன் டிக்கெட்டை இதை வச்சுப் போடுங்க. இல்லேன்னா ஊர்லயே எழுதுற மாதிரி வவுச்சரை அங்கேயே வாங்கிக்கோங்க.

விசாவையும் இதோட சேர்த்துப் பாருங்க. இ-டூரிஸ்ட் விசாவுல சின்னச் சின்ன கோர்ஸ் அனுமதிதான், ஆனா 6 மாசத்துக்கு மேல போகக்கூடாது, தகுதிச் சான்றிதழ் தர்ற முறையான படிப்பா இருக்கக்கூடாதுன்னு விதி. "டூரிஸ்ட்லயே வாங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சென்டர் போன்ல சொல்றதை நம்பாதீங்க. கோர்ஸ் பேர், நாள் கணக்கு போட்ட லெட்டரை அவங்ககிட்ட வாங்கி, உங்க ஊர் இந்தியத் தூதரகத்துல கேட்டுட்டுக் கிளம்புங்க.

கன்சோல்கேபிள்:
சென்டர்ல பழகுறதுக்கு வச்சிருக்கிற லேப்பைப் பத்தியும் சொல்லிடறேன். வீடியோ கால்ல நெட்வொர்க் கருவிகளை அடுக்கின ரேக்கைக் காட்டச் சொல்லுங்க. ஸ்விட்ச்ல மாடலையும் மென்பொருளையும் காட்டுற ஷோ வெர்ஷன் கட்டளையை அடிக்கச் சொல்லுங்க. 2950 மாதிரி, சிஸ்கோவோட ஐஓஎஸ் மென்பொருள் 12.1-ல ஓடுற கிழட்டு ஸ்விட்ச்சா இருந்தா ரூட்டிங்கே கிடையாது. வைஃபை கருவிகளை நிர்வகிக்கிற ஒயர்லெஸ் கன்ட்ரோலர் இருக்கான்னும் கேளுங்க, சிசிஎன்ஏ 200-301 பாடத்துல அதுவும் உண்டு. முதல் நாளே ஒரு பிடிஎஃப்பைக் கையில குடுத்து "இதுலேருந்துதான் வரும்"னா அது டம்ப், அதாவது திருட்டுத்தனமா வெளியே வந்த எக்ஸாம் கேள்விகள். கண்டுபிடிச்சா சர்டிஃபிகேட்டை ரத்து பண்ணி, மேற்கொண்டு எழுதவும் தடை போட்டுடுவாங்க. "பாஸ் கியாரண்டி" போர்டு மாட்டின இடம் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஃபைபர்பேட்ச்:
லேப்டாப் 16 ஜிபி ராமாவது இருக்கட்டும். லேப்டாப்புக்குள்ளயே ஓடுற சிஸ்கோ மெய்நிகர் ரூட்டரான சிஎஸ்ஆர் 1000வி ஒண்ணுக்கு 4 ஜிபி ஒதுக்கினா மூணுக்கே 12 போயிடும். ஆபீஸ் லேப்டாப் எடுத்துட்டு வராதீங்க. விண்டோஸ்ல மெமரி இன்டெக்ரிட்டி, ஹைப்பர்-விங்கிற வசதிகள் ஆன்ல இருந்தா, மெய்நிகர் கம்ப்யூட்டர் ஓட்டுற விஎம்வேருக்குள்ள, லேப் மென்பொருளான ஈவ்-என்ஜி ஏத்தும்போது, அதுக்குத் தேவையான விடி-எக்ஸ்ங்கிற ப்ராசஸர் வசதிக்கு ஆதரவு இல்லைன்னு எர்ரர் அடிச்சு நிக்கும். அதை ஆஃப் பண்ண அட்மின் உரிமை வேணும், பயாஸ்ல விடி-எக்ஸ் ஆன் பண்ணவும் வேணும். ஆபீஸ் மிஷின்ல ரெண்டும் பூட்டியிருக்கும், முதல் ரெண்டு நாள் அதுலயே போயிடும்.

நைட்ஷிஃப்ட்:
சிஸ்கோவோட உச்ச நிலை சர்டிஃபிகேட்டான சிசிஐஇ-யோட செய்முறை எக்ஸாமுக்கு (லேப்) வர்றவங்களுக்கு ஒண்ணு. 1,600 டாலரை எக்ஸாம் தேதிக்கு 90 நாள் முன்னாடியே கட்டியாகணும். அதுக்கப்புறம் தேதி மாத்த முடியாது, பணமும் திரும்பாது. அதனால விசா எப்போ கிடைக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு தேதி எடுங்க. மொத்தம் 8 மணி நேரம். முதல் 3 மணி நேரம் டிசைன், அதுல ரூட்டரைத் தொடவே முடியாது, முடிச்ச கேள்விக்குத் திரும்பவும் முடியாது. மீதி 5 மணி நேரம்தான் கான்ஃபிக், அதாவது கருவிகள்ல நேரடியா வேலை செய்யிறது. ரெண்டு பகுதியிலும் தனித்தனியா குறைந்தபட்ச மார்க் வேணும், அதனால கான்ஃபிக்லயே மூழ்கிக் கிடக்காம டிசைனுக்கும் நாள் ஒதுக்குங்க.